முயலுக்கு முடி கொட்டியபோது

தபிதா கூண்டுக் கதவைத் திறந்து தாய்முயலைத் தூக்கினாள். தூக்கிய வேகத்திலேயே திரும்ப உள்ளே விட்டாள். அவள் விரலிடுக்கெல்லாம் சாம்பல் நிற முடி கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தது. உதறினாள், போகவில்லை. பாவாடையில் துடைத்தாள், அது பாவாடையில் ஒட்டிக்கொண்டது.

“இது என்ன வமைத்தா, முயலா, கிழிஞ்ச தலையணையா?” என்றாள்.

கூட வந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். நான் பக்கத்து வீட்டுக்காரி. வேலிக்கு அந்தப் பக்கம் என் உருளைக்கிழங்குத் தோட்டம், இந்தப் பக்கம் வமைத்தாவின் கூண்டு. தினமும் முட்டைக்கோஸ் தழை போடுகிறவளுக்கு வரவேண்டிய வியாதி என்றால் எப்போதோ வந்திருக்கும்.

எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்து முயல் ஒரு வீட்டோடு நிற்காது. ஒருத்திக்கு ஒரு தாய்முயல் கிடைத்தால் அதன் முதல் ஈற்றிலிருந்து இரண்டு பெண்குட்டிகளை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். பாட்டுப் பாடி, கைதட்டி, டீ குடித்துவிட்டு வாங்கிப் போவார்கள். அன்றைக்கு அதற்காகத்தான் வந்திருந்தார்கள். வமைத்தா விடிவதற்கு முன்பே பால் டீ கொதிக்க வைத்திருந்தாள். குட்டிகளின் காதுகளைக்கூட ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

“குட்டிங்க நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கு?” என்றேன்.

“இன்னைக்கு இருக்கும் கத்தோனி. இந்த அம்மாகிட்ட பால் குடிச்சதுங்கதானே? மொதல்ல இது சரியாகட்டும், பாட்டெல்லாம் அப்புறம் பாடிக்கலாம்,” என்றாள் தபிதா.

அவர்கள் போய்விட்டார்கள். வாசலில் சேறு மட்டும் மிச்சம். ஜூலை மாதத்துக் குளிர் எங்கள் கினாங்கோப் மேட்டில் எலும்புக்குள் இறங்கும். நாள் முழுக்க மூடுபனி மலையிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். வமைத்தா கூண்டருகே குந்தி, முயலின் விலாவைத் தடவினாள். தடவிய இடத்திலிருந்து இன்னொரு கொத்து வந்தது.

அப்போதுதான் வஞ்சேரி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், வமைத்தாவின் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு. வமைத்தாவின் புருஷன் திராங்குவுக்கு மூத்த அக்கா. பிரசவத்துக்கு உதவ வந்தவள், நான்கு மாதமாகியும் போகவில்லை. பிள்ளை இல்லாதவள். புருஷன் வீட்டைவிட்டு எப்போதோ வந்து தனி வீட்டில் இருப்பவள். அம்மா நோயில் படுத்தபோது தம்பியைக் கழுவிக் குளிப்பாட்டி ஆளாக்கியவள் அவள்தான். அதனால் அவள் குரல் உயர்ந்தால் திராங்கு தலை தாழும்.

அவளிடம் எனக்கு அப்போது கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவள் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

வஞ்சேரி முயலைக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

“சொறி,” என்றாள்.

“மதினி, அது சொறியுறதே இல்ல. தின்னுது, தூங்குது...”

“எனக்குச் சொல்லித் தராத புள்ள. எங்கப்பா மலையடியில கம்பளி ஆடு வச்சிருந்தாரு. இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல விலா, அப்புறம் முதுகு. கம்பளி பாளம்பாளமா வேலியில தொங்கும். ஒரு ஆடுதானேன்னு அப்பா சும்மா விட்டாரு. மழை முடியறதுக்குள்ள பட்டி முழுக்கப் போச்சு. நான்தான் விறகு அடுக்கினேன் எரிக்கறதுக்கு. அந்த வாடை இன்னும் என் மூக்குல இருக்கு.”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் பார்வை முயலைவிட்டு வமைத்தாவின் தலைக்குப் போனது. இன்னதென்று புரிவதற்குள் கையை நீட்டித் தலைத்துணியை உருவிவிட்டாள்.

எங்கள் வரிசை வீடுகளில் பிள்ளை பெற்றவள் தலையை ஒட்ட மழித்துக்கொள்வாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் சீப்புப் பிடிக்க யாருக்கு நேரம்? நான் மூன்று பெற்றும் மொட்டை, பெறாத காலத்திலும் மொட்டை. வமைத்தா மட்டும் மழிக்க மாட்டேன் என்றாள். நைவாஷாவில் பூப்பண்ணையில் வேலை பார்த்தவள், தோள் வரை பின்னல் போட்டவள். அந்தப் பின்னலைப் பார்த்துத்தான் திராங்கு கழுதை வண்டியை நிறுத்தினான் என்று ஊரே கேலி செய்யும்.

துணி விலகியதும் எனக்கே பகீரென்றது. நெற்றியோரம் இரண்டு பக்கமும் வெறும் தோல். உச்சியில் வகிடு அகலமாகத் தெரிந்தது. இத்தனை நாளும் துணிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

“எத்தன நாளா?” என்றாள் வஞ்சேரி. குரல் தாழ்ந்திருந்தது.

வமைத்தா துணியைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டாள்.

“அந்தக் குட்டியை நீ சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுத் தூங்கல? நான் பார்க்கலன்னு நெனச்சியா?”

அது உண்மைதான். முயல் ஈன்ற அன்று உறைபனி. ஒரு குட்டி கூட்டிலிருந்து உருண்டு விறைத்துக் கிடந்தது. வமைத்தா அதை மார்புக்கு நடுவில் வைத்துச் சூடாக்கிப் பிழைக்க வைத்தாள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் முயல்குட்டி என்று நானே அவளைக் கிண்டல் செய்தேன்.

“முயல்கிட்ட இருந்து உனக்கு, உன்கிட்ட இருந்து அம்மாவுக்கு,” என்றாள் வஞ்சேரி.

அம்மா என்றது குழந்தையை. எங்களில் மூத்த பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயர்தான். பெயர் வந்தால் ஆளே திரும்பி வந்த மாதிரி. திராங்குவின் அம்மா நியாக்கியோ, குழந்தையும் நியாக்கியோ. திராங்கு மகளை விளையாட்டாக அம்மா என்பான். வஞ்சேரிக்கு அது விளையாட்டில்லை. குழந்தை தும்மினால்கூட, “அம்மாவுக்குக் குளிருது” என்று எழுந்து கதவைச் சாத்துவாள்.

அன்று மாலை திராங்கு கிழங்கு ஏற்றிவிட்டு வந்தான். சேறு முழங்கால் வரை. நான் வேலியோரம் நிற்காமல் நேரே அடுக்களைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். சோளமும் பீன்ஸும் வெந்துகொண்டிருந்தது, யாரும் கிளறவில்லை.

“தம்பி, நாளைக்கு நான் அம்மாவைத் தூக்கிட்டு என் வீட்டுக்குப் போறேன்,” என்றாள் வஞ்சேரி.

“பால்?” என்றான் திராங்கு.

“பசும்பால் இல்லாத ஊரா இது?”

“என் பிள்ளை நாலு மாசப் பிள்ளை மதினி,” என்றாள் வமைத்தா.

“அதனாலதான் சொல்றேன். பெரிய உடம்புன்னா தாங்கும்.”

நான் வாயைத் திறந்தேன். “பிள்ளை பெத்தவளுக்கு முடி கொட்டறது இருக்கறதுதானே வஞ்சேரி? எங்க சித்தி யாருக்கோ கொட்டுச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன்.”

“உனக்குக் கொட்டுச்சா?”

“நான் எங்க வளர விட்டேன், கொட்டறதுக்கு?”

“அப்ப பேசாம இரு. தலையில ஒண்ணும் இல்லாதவ முடியைப் பத்திப் பேச வந்துட்டா.”

திராங்கு வாய்க்குள் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினேன். வமைத்தா சிரிக்கவில்லை. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லு என்கிற பார்வை. அவன் கரண்டியை எடுத்துப் பானையைக் கிளற ஆரம்பித்தான். அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவன் மண்டையில் போடலாமா என்றிருந்தது எனக்கு.

“டவுன்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்,” என்றான் கடைசியில். “வெள்ளிக்கிழமை சந்தைக்கு வண்டி போகுது. கூட்டிட்டுப் போறேன்.”

“காட்டு. தலையைப் பார்த்ததும் அவங்க வேற வியாதிப் பேரைச் சொல்வாங்க. சந்தையே கைகொட்டிச் சிரிக்கட்டும். நான் சொல்றது வீட்டோட முடியுற விஷயம்.”

வேற வியாதி என்றால் எய்ட்ஸ் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திராங்கு மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பார்வை அவளை அறைந்ததைப் போல இருந்திருக்கும். வமைத்தா எழுந்து குழந்தையை வாங்கப் போனாள். வஞ்சேரி விடவில்லை.

“முயலுக்கு என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க மதினி,” என்றாள் வமைத்தா. “உங்க ஆட்டுக்குச் செய்யறதைச் செய்ங்க. நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளையை மட்டும் குடுங்க.”

வஞ்சேரி யோசித்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள். “சரி. முயல் தேறினா நீயும் தேறுவ. பார்ப்போம்.”

பேரம் அப்படி முடிந்தது. வமைத்தா திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை.

மறுநாள் திராங்கு டிராக்டர் பழுது பார்க்கிறவனிடமிருந்து பழைய எஞ்சின் ஆயில் வாங்கி வந்தான், கறுப்பாகக் களி மாதிரி. சொறி பிடித்த ஆடு, கழுதை எதற்கும் எங்கள் பக்கம் அதுதான் வைத்தியம். ஆடு நக்காது, கழுதைக்கு எட்டாது. முயல் பூனையைப் போல உடம்பு முழுக்க நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி என்பதை அங்கிருந்த ஒருவரும் நினைக்கவில்லை, நான் உட்பட. வஞ்சேரி கந்தலை நனைத்துக் காது முதல் வால் வரை பூசினாள். முயல் ஒருமுறைகூடத் திமிறவில்லை. குட்டிகளை வேறு கூண்டுக்கு மாற்றினார்கள். வமைத்தா வெளியே வரவில்லை.

மதியத்துக்குள் முயல் தன் உடம்பை நக்க ஆரம்பித்தது. நான் தழை போடப் போனபோது வாயெல்லாம் கறுப்பு. தழையைத் தொடவில்லை. எண்ணெயில் ஊறிய முடி உடம்போடு ஒட்டிப்போய், அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. வைக்கோல் அள்ளிப் போட்டேன். மாட்டு டாக்டருக்குப் போன் அடித்தேன். லைன் கிடைக்கவில்லை, இன்னொரு தடவையும் கிடைக்கவில்லை. மூடுபனி இருந்தால் எங்கள் மேட்டில் போன் பேசுவதும் மலையோடு பேசுவதும் ஒன்று.

“அது சரியில்ல வஞ்சேரி. கழுவி விட்டுடலாம்,” என்றேன்.

“ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். மருந்து வேலை செய்யுது.”

அடுத்த நாள் காலை முயல் கூண்டு மூலையில் விறைத்துக் கிடந்தது.

வஞ்சேரி மார்பில் கை வைத்துக்கொண்டாள். “பார்த்தியா தம்பி? முத்திப்போன நோய். மருந்துக்கே கேக்கல. இனிமே யோசிக்க நேரம் இல்ல.”

அவள் நடிக்கவில்லை. அவள் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. பொய் சொல்கிறவளோடு சண்டை போடலாம். இவளோடு எப்படிப் போடுவது?

திராங்குவை முயலை எரிக்க அனுப்பினாள். தோட்டத்துக் கோடியில் அவன் ஈர விறகை அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றிப் போராடிக்கொண்டிருந்தான். இங்கே வாசலில் வஞ்சேரி சட்டியில் வெந்நீர் ஊற்றினாள். மாட்டுக்கு உண்ணி மருந்து அடிக்கிற புட்டியை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். அந்த நெடி என் கண்ணைக் கரித்தது. பக்கத்தில் சவரக் கத்தி, சோப்பு, இரண்டு கந்தல்.

“வஞ்சேரி, அது மாட்டு மருந்து!”

“ஆட்டுக்கும் இதுதான். பேனுக்கு நாங்க சின்னப்பிள்ளையில தலையில ஊத்திக்கல? கொஞ்சமாத்தான் கலக்கறேன்.”

“பால் குடுக்கறவ அவ!”

“குடுக்க மாட்டா. மார்ல கட்டுப் போட்டாச்சு.”

அப்போதுதான் பார்த்தேன். வமைத்தா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மார்பைச் சுற்றிப் போர்வைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது. அதையும் மீறி ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. குழந்தை வஞ்சேரியின் முதுகில் கத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பசும்பாலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள், துப்பித் துப்பி அதன் கழுத்தெல்லாம் பால்.

“எழுந்திருடி,” என்றேன் வமைத்தாவிடம். “என் வீட்டுக்கு வா.”

“பிள்ளை அவங்க முதுகுல இருக்கே அக்கா.”

“பிடுங்கிட்டு வா!”

“பிடுங்கினா?” அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு நிஜமாவே வந்திருந்தா? தினமும் தலகாணியில அள்ளறேன் அக்கா. அடுப்புல போட்டுப் போட்டு எரிக்கறேன். என் பிள்ளைக்கு நானே குடுத்துட்டேன்னா?”

இத்தனை நாளும் வஞ்சேரி ஒருத்திதான் அப்படி நம்புகிறாள் என்று நினைத்திருந்தேன்.

“தல கழுவி, மூணு நாள் பொறுத்துட்டு குழந்தையை வாங்கிக்க. நான் என்ன தின்னவா போறேன்?” என்றாள் வஞ்சேரி. கத்தியை எடுத்தாள். வமைத்தா தானே துணியை அவிழ்த்துத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

நான் மருந்துச் சட்டியை உதைத்திருப்பேன். காலைத் தூக்கியும் விட்டேன். அதற்குள் திராங்கு தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். அந்தப் பெரிய உடம்பு ஓடி நான் பார்த்ததில்லை. கையில் முயல் இருந்தது.

“அக்கா, நிறுத்து.”

“அதை ஏன்டா இங்க கொண்டு வந்த? எரிக்கத்தானே சொன்னேன்!”

“தூக்கிப் போடப் போனேன். முடி கழண்டு கையோட வந்துடுச்சு. இங்க பாரு.”

முயலை அவள் காலடியில் வைத்தான். எண்ணெயில் ஊறிய பழைய முடி ஒரு பக்கம் முழுக்கக் கம்பளமாக உரிந்திருந்தது. அதன் அடியில் வெறும் தோல் இல்லை. குட்டையாக, நெருக்கமாக, புதுப்புல் மாதிரி சாம்பல் நிற முடி விலா முழுக்க முளைத்திருந்தது.

“தொட்டுப் பாரு,” என்றான்.

“தொட மாட்டேன்.”

“நீதானே எனக்குக் காட்டித் தந்த? சொறி பிடிச்ச ஆட்டுத் தோலு எப்படி இருக்கும்னு? மஞ்சளாப் பொருக்கு இருக்கும், தடிச்சிருக்கும், அழுத்தினா நீர் கசியும்னு. இதுல எங்க பொருக்கு? தொடு.”

வஞ்சேரி கத்தியைக் கீழே வைத்தாள். குனிந்தாள். முதுகில் குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. ஆடு பார்த்துப் பழகிய விரல்கள் அந்தப் புதுமுடிக்குள் நுழைந்து, பிரித்து, அழுத்தி, காதுக்குப் பின்னால் போய், கால் இடுக்கில் தேடின. வெகுநேரம் தேடின. எங்கேயும் ஒன்றும் இல்லை.

“குட்டி வளர்த்து முடிச்சிட்டுப் பழச உதிர்த்திருக்கு அக்கா,” என்றான் திராங்கு. அவன் குரல் உடைந்தது. “அவ்வளவுதான் அது பண்ணுச்சு. நாம கொன்னுட்டோம்.”

பிறகு வமைத்தாவின் பின்னால் போய் நின்றான். கையை அவள் தலைக்குக் கொண்டுபோனான். நிறுத்திக்கொண்டான். கை இரண்டும் கறுப்பாக இருந்தது.

“என் கையில எண்ணெய். நீ பாரு,” என்றான் அக்காவிடம்.

வஞ்சேரி என்னைப் பார்த்தாள். நான் நகரவில்லை. நீதானே ஆரம்பித்தாய், நீயே முடி என்று நின்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டாள். வமைத்தாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நெற்றியோரத்து வெறும் தோலில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். விரல் நுனியால் மேலும் கீழும் தடவினாள்.

“இருக்கு,” என்றாள். “குத்துது. பொடிப்பொடியா நிறைய இருக்கு.”

திராங்கு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நான் உண்ணி மருந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கீரைப் பாத்தி இல்லாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டி ஊற்றி மூடினேன். திரும்பி வந்தபோது குழந்தை வமைத்தாவின் மடியில் இருந்தது, வஞ்சேரி அவள் மார்பில் கட்டிய துணியின் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். துணி விழுந்ததும் குழந்தை வாய் வைப்பதற்கு முன்பே பால் பீறிட்டு வஞ்சேரியின் கன்னத்தில் அடித்தது.

“குடி அம்மா, குடி,” என்றாள் வஞ்சேரி. “நான் ஆட்டைத்தான் பார்த்திருக்கேன் புள்ள. முயல் எனக்குத் தெரியாது.”

“என்னையும் ஆடுன்னுதானே நெனச்சீங்க?” என்றாள் வமைத்தா.

குழந்தை மடக்மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வஞ்சேரி அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, “அம்மாவுக்குக் கால் சில்லுன்னு இருக்கு” என்றாள்.

வமைத்தா அந்தப் பாதத்தை அவள் கையிலிருந்து மெதுவாக விடுவித்துத் தன் துணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“மதினி, உங்கம்மா செத்துட்டாங்க. இவ என் மக.”

எங்கள் ஊரில் எந்த மருமகளும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. திராங்கு தலையை நிமிர்த்தினான். எதிர்த்து ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை.

வஞ்சேரி கொஞ்ச நேரம் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசல் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு ஓலமிட்டு அழுதாள். அம்மாவைப் புதைத்த அன்றுகூட அவள் அழவில்லை என்று திராங்கு பிறகு என்னிடம் சொன்னான்.